புத்தகத்தை வைத்துப் புதிய நிரல்மொழி படிப்பது எப்படி?

புதிதாக ஒரு நிரல்மொழி கற்றுக்கொள்ளலாம் என்று நல்ல பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் நான்கைந்து அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்து முடித்து, எல்லாம் புரிந்த நிறைவோடு எடிட்டரை (நிரல் எழுதும் மென்பொருளை) திறந்தால், முதல் வரியையே எழுத வரவில்லை. நிறையப் பேருக்கு இது நடக்கிறது. உடனே சிலர் ‘எனக்கு புரோகிராமிங் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், சிலர் புத்தகம் சரியில்லை என்று வேறொன்றைத் தேடிப் போகிறார்கள். இரண்டும் தேவையில்லை. படிக்கிற விதத்தை மாற்றினால் அதே புத்தகம், அதே மூளை, நன்றாகவே வேலை செய்யும்.

ஒரு நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு, ஒன்றுமே இல்லாத திரையில் அதை எழுதுவது வேறு. புத்தகத்தில் இருக்கும் நிரலில் எல்லா முடிவுகளையும் ஆசிரியர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். எந்த வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) வேண்டும், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எதில் தொடங்கி எதில் நிற்கும், இந்த இடத்தில் முழு எண் போதுமா தசம எண் வேண்டுமா, இதையெல்லாம் அவர் யோசித்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் நம் கைக்கு வருகிறது. நாம் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டிக்கொண்டே போகிறோம். எழுத உட்காரும்போது அந்த முடிவுகள் ஒவ்வொன்றையும் நாமே எடுத்தாக வேண்டும். கை நிற்பது அங்கேதான்.

அதனால் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். எடுத்துக்காட்டு நிரலைப் பார்த்ததும், அதன் கீழே அச்சாகியிருக்கும் விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். இது திரையில் என்ன காட்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் அந்த நிரலை நீங்களே தட்டச்சு செய்து ஓட்டிப் பாருங்கள். தாளில் இருப்பதும் திரையில் வந்ததும் ஒன்றாக இருந்தால், ஏதாவது ஒரு இடத்தை மாற்றி மறுபடி ஊகியுங்கள். வேறாக இருந்தால், அன்றைக்கு நீங்கள் கற்க வேண்டிய பாடமே அந்த வேறுபாடுதான், அது தீரும்வரை அடுத்த பக்கம் போக வேண்டாம். மனதுக்குள் ஊகித்தால் போதுமே என்று தோன்றும். போதாது. மனதுக்குள் ஊகித்தது, விடையைப் பார்த்த மறுகணமே விடையின் பக்கம் சாய்ந்துகொள்ளும், ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று நாமே நம்பிவிடுவோம். தாளில் எழுதியது அப்படி மாறாது.

இதற்கெல்லாம் முதலில் அந்த மொழி உங்கள் கணினியில் ஓட வேண்டும். 1978இல் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் சி மொழிக்கு எழுதிய புத்தகம், ‘ஹலோ, வேர்ல்டு’ என்று திரையில் காட்டும் குட்டி நிரலை முதல் எடுத்துக்காட்டாக வைத்தது. பிறகு வந்த புத்தகங்கள் பெரும்பாலும் அதே வழியில் போயின. பார்க்க விளையாட்டு போல இருந்தாலும் அந்த நிரலுக்கு ஒரு வேலை இருக்கிறது. எடிட்டரில் எழுதி, சேமித்து, கம்பைல் செய்து (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி), ஓட்டி, விடையைப் பார்ப்பது என்ற முழுப் பாதையும் ஒருமுறை ஒழுங்காக நடக்கிறதா என்று அது சோதிக்கிறது. நிரலில் தப்புப் பண்ண அதிக இடமில்லை என்பதால், ஓடவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் நிறுவியதில்தான் இருக்கும். இதை முடிக்காமல் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். ‘அப்புறம் நிறுவிக்கொள்ளலாம், இப்போதைக்குப் படித்து வைப்போம்’ என்று தொடங்கியவர்கள் நூறு பக்கம் தாண்டிய பிறகும் படித்துக்கொண்டேதான் இருப்பார்கள். நிறுவுவதே பெரிய தலைவலியாக இருந்தால், கோ, ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு உலாவியிலேயே நிரலை ஓட்டிப் பார்க்கும் பிளேகிரவுண்ட் பக்கங்கள் இருக்கின்றன, அங்கேயே தொடங்கலாம்.

சரி, ஊகித்து ஓட்டுவது என்றால் என்ன என்று ஒரு வரியை எடுத்து நிதானமாகப் பார்ப்போம். அதே சி புத்தகத்தில் தொடக்கத்திலேயே வருவது, ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றிக் காட்டும் ஓர் அட்டவணை. இடப்பக்கம் 0, 20, 40 என்று 300 வரை ஃபாரன்ஹீட், வலப்பக்கம் அதற்கான செல்சியஸ். கணக்கு நடக்கிற வரியில் பெயர்களை மட்டும் தமிழாக்கினால் இப்படி இருக்கும் (* என்பது பெருக்கல், / என்பது வகுத்தல்):

செல்சியஸ் = 5 * (ஃபாரன்ஹீட் - 32) / 9;

பள்ளியில் படித்த சூத்திரம்தானே என்று யாரும் சட்டென்று தாண்டிப் போகிற வரி. ஆனால் பள்ளியில் ஒன்பதில் ஐந்தை முதலில் எழுதி அதோடு அடைப்புக்குறியைப் பெருக்குவோம். இங்கே 5 முன்னாலும் 9 கடைசியிலும் பிரிந்து நிற்கின்றன. காரணத்தைப் புத்தகமே சொல்லிவிடுகிறது: சி மொழியில் ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான், தசமப் பகுதி வெட்டுப்பட்டுவிடும். அதாவது 5 / 9 என்பது அங்கே 0.555 கிடையாது, வெறும் 0. இதைப் படித்துவிட்டு ‘சரி’ என்று நகர்ந்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். வரியைப் பள்ளிச் சூத்திரம் மாதிரியே மாற்றி எழுதி ஓட்டுங்கள்:

செல்சியஸ் = 5 / 9 * (ஃபாரன்ஹீட் - 32);

அட்டவணையின் வலப்பக்கம் முழுக்கப் பூஜ்யம். பதினாறு வரி, பதினாறு பூஜ்யம். கம்பைலர் ஒரு பிழையும் காட்டாது, நிரல் ஒழுங்காக ஓடி முடியும், விடை மட்டும் முழுக்கத் தப்பு. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு முழு எண் வகுத்தல் ஆயுசுக்கும் மறக்காது.

இன்னும் நோண்டலாம். 9 என்பதை 9.0 என்று மாற்றினால் என்ன ஆகும்? தாளில் எழுதுங்கள். வகுத்தல் இப்போது தசமத்தில் நடக்கிறது, பூஜ்யங்கள் போய் எண்கள் வரத் தொடங்குகின்றன. ஆனாலும் முதல் வரியில் −17.8க்குப் பதிலாக −17தான் இருக்கும். ஏனென்றால் செல்சியஸ் என்ற வேரியபிளை முழு எண் என்றுதான் அறிவித்திருக்கிறோம், கணக்கு தசமத்தில் முடிந்தாலும் அதற்குள் போட்டு வைக்கும்போது தசமம் மறுபடி வெட்டுப்படுகிறது. ஆக, வெட்டு விழ இரண்டு இடங்கள் இருக்கின்றன, வகுக்கும்போது ஒன்று, சேமிக்கும்போது இன்னொன்று. நிஜ வேலையில் பணக் கணக்கோ சராசரியோ பிசகும்போது, இந்த இரண்டில் எங்கே வெட்டு விழுந்தது என்று தேடத் தெரிந்தவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது இதே வரியைப் பைத்தானுக்குக் கொண்டுபோவோம். பைத்தான் 3 வேரியபிள் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், கீழே உள்ளதை அப்படியே அதன் ஊடாடும் திரையில் தட்டச்சு செய்து பார்க்கலாம்.

ஃபாரன்ஹீட் = 0
5 * (ஃபாரன்ஹீட் - 32) / 9

−17.777 என்று நீளமான தசமம் வரும். பைத்தான் 3இல் ஒற்றைச் சாய்கோடு, முழு எண்களை வகுத்தாலும் தசம எண்ணையே தரும். முழு எண் விடை வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு போட வேண்டும் என்று எந்தப் பைத்தான் புத்தகமும் சொல்லும். சரி, போடுவோம்:

5 * (ஃபாரன்ஹீட் - 32) // 9

சி மொழியில் −17 வந்தது. இங்கே? பலரும் −17 என்றே எழுதுவார்கள். வருவது −18. ஃபாரன்ஹீட்டை 40 என்று மாற்றிப் பார்த்தால் இரண்டு மொழியிலும் 4தான் வருகிறது, 100 என்று மாற்றினால் இரண்டிலும் 37. பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது மட்டும் பிரிகின்றன. சி, தசமத்தை வெட்டும்போது பூஜ்யத்தை நோக்கி வருகிறது. பைத்தானின் இரட்டைச் சாய்கோடு எப்போதும் எண்கோட்டில் இடப்பக்கமாக, அதாவது கீழ்நோக்கி இறங்குகிறது. மிகை எண்களில் இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்பதால் வித்தியாசமே தெரியாது, குறை எண் வந்ததும் வெளியே வந்துவிடும். (சி மொழியிலேயே இது 1999ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் உறுதியானது. அதற்கு முன்னால் குறை எண்ணை எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை அந்தந்தக் கம்பைலரே முடிவு செய்துகொள்ளலாம்.)

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மீதி கண்டுபிடிக்கும் % குறியும் இதே விதியைப் பின்தொடர்ந்துதான் போகிறது. பன்னிரண்டு மணிக் கடிகாரத்தில் 1 மணிக்கு மூன்று மணி நேரம் முன்னால் என்ன மணி என்று கணக்குப் போட (1 - 3) % 12 என்று எழுதினால் பைத்தான் 10 என்று சரியாகச் சொல்லும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் −2 என்று சொல்லும். கடிகாரத்தில் −2 மணி கிடையாது. ஒரு மொழியில் சரியாக ஓடிய வரியை அப்படியே இன்னொரு மொழிக்கு மாற்றுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது.

பாருங்கள், ஒரே ஒரு வரி. அதைச் சும்மா படிக்கச் சில வினாடி போதும். நான்கு தடவை மாற்றி ஓட்டியதில் முழு எண், தசம எண், வேரியபிளின் வகை, வகுத்தலின் திசை, மீதி என்று ஐந்து விஷயங்கள் வெளியே வந்தன. எல்லா வரியையும் இப்படி நோண்டத் தேவையில்லை, நேரமும் போதாது. அத்தியாயத்துக்கு ஓரிரண்டு எடுத்துக்காட்டை இப்படிக் கிழித்துப் பார்த்தாலே போதும்.

ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம் தேவை. முதல் மொழி படிக்கிறவருக்கு எல்லாமே புதிது என்பதால் கவனமாகப் படிப்பார். இரண்டாவது மொழி படிக்கிறவருக்கு லூப்பும் ஃபங்ஷனும் (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டும்) பழகிய முகங்கள், அதனால் வேகமாகப் புரட்டுவார். தோற்றத்தில் ஒரே மாதிரி இருந்து நடத்தையில் வேறாக இருக்கிற இடங்கள்தான் அவரைக் கவிழ்க்கும், அவை வேகமாகப் புரட்டுகிற பக்கங்களில்தான் இருக்கின்றன. பைத்தானில் இதை ஊகித்துப் பாருங்கள் (சதுர அடைப்புக்குள் இருப்பது லிஸ்ட், அதாவது மதிப்புகளின் வரிசை; எண்ணுவது 0இலிருந்து என்பதால் [0] என்பது முதல் உறுப்பு):

எண்கள் = [10, 20, 30]
நகல் = எண்கள்
நகல்[0] = 99
எண்கள்

நகலைத்தானே மாற்றினோம், மூலம் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்தால், திரையில் [99, 20, 30] என்று வரும். இரண்டாவது வரி புது லிஸ்ட் எதையும் உருவாக்கவில்லை, இருந்த லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் கொடுத்தது, அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, ஜாவா மூன்றிலும் இதே கதைதான். ஆனால் ஸ்விஃப்ட், பிஎச்பி ஆகியவற்றில் இதற்கு இணையான வரிகளை எழுதினால் நகல் தனி, மூலம் தனி. ரஸ்ட்டில் இரண்டுமே கிடையாது, லிஸ்ட்டுக்கு இணையான வெக்டரின் உரிமை முதல் பெயரிலிருந்து இரண்டாவது பெயருக்கு மாறிவிடும், அதற்குப் பிறகு முதல் பெயரைத் தொட்டால் கம்பைலர் நிரலையே ஏற்காது. ‘ஒன்றை இன்னொன்றுக்குச் சமமாக்குவது’ என்ற ஒரே செயலுக்கு மூன்று மொழிக் குடும்பங்களில் மூன்று அர்த்தம்.

பைத்தானில் நிஜமான நகல் வேண்டும் என்றால் இரண்டாவது வரியை நகல் = எண்கள்[:] என்று எழுதலாம் என்று புத்தகம் சொல்லும். அதோடு விடாதீர்கள். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் என்ன ஆகும்?

எண்கள் = [[1, 2], [3, 4]]
நகல் = எண்கள்[:]
நகல்[0][0] = 99
எண்கள்

இந்த விடையை நான் சொல்லப் போவதில்லை, முதலில் ஊகியுங்கள், அப்புறம் ஓட்டுங்கள். வெளி லிஸ்ட் மட்டும் நகலானதா, உள்ளே இருப்பவையும் நகலாயினவா என்பது திரையைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

எந்தப் புது மொழியைத் தொட்டாலும் இப்படிச் சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்துக்குள் போவது நல்லது. முழு எண் வகுத்தால் என்ன வரும், ஒன்றை இன்னொன்றுக்குச் சமமாக்கினால் நகலா பகிர்வா, இரண்டு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) ஒன்றா என்று கேட்டால் மொழி எழுத்துகளை ஒப்பிடுமா நினைவக இடத்தை ஒப்பிடுமா, மதிப்பே இல்லாத நிலையை எப்படிக் குறிக்கிறது, எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் என்ன செய்யும். இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு மொழியின் குணத்தை நிறையச் சொல்லிவிடும். "5" + 3 என்று கேட்டால் பைத்தான் முடியாது என்று மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் "53" என்று ஒட்டித் தரும். அதே ஜாவாஸ்கிரிப்டில் "5" - 3 என்று கேட்டால் 2 என்று கழித்தும் காட்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மொழி இப்படி நடக்கக்கூடும் என்று தெரிந்தால் எங்கே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எதை வேகமாகப் படிக்கலாம்? மொழியின் வரலாறு, கணினி எப்படி வேலை செய்கிறது என்ற முன்னுரை, குறிகளின் முன்னுரிமை வரிசையைப் பட்டியலிடும் பக்கம், நூலகத்தில் இருக்கும் ஃபங்ஷன்களின் நீண்ட அட்டவணைகள், இவற்றை ஒரு பார்வை பார்த்து இருக்கும் இடத்தை நினைவில் வைத்தால் போதும். முன்னுரிமை வரிசையை யாரும் நினைவில் வைத்து எழுதுவதில்லை, சந்தேகம் வந்தால் அடைப்புக்குறி போட்டுவிடுவார்கள். மெதுவாகப் படிக்க வேண்டியவை அந்த மொழிக்கே உரிய அத்தியாயங்கள். சி என்றால் பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்), ரஸ்ட் என்றால் உரிமையும் கடனும், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் குளோஷரும் (தான் உருவான இடத்து வேரியபிள்களை நினைவில் வைத்திருக்கும் ஃபங்ஷன்) ஒத்திசைவற்ற அழைப்புகளும் (விடைக்குக் காத்து நிற்காமல் மேலே போகும் அழைப்புகள்), கோ என்றால் கோரூட்டீன் (மற்றவற்றோடு சேர்ந்து ஒரே சமயத்தில் ஓடும் இலகுவான வேலை). இந்த அத்தியாயங்கள் முதல் தடவையில் முழுசாகப் பிடிபடாது. பாதி புரிந்ததும் நகர்ந்துவிட்டு, இரண்டு அத்தியாயம் தாண்டியபின் திரும்பி வந்து படித்தால், முன்பு கல்லாக இருந்த பத்தி இளகியிருக்கும்.

தட்டச்சு செய்வது பற்றி ஒரு வார்த்தை. மின்நூலில் படிக்கிறவர்கள் நிரலை நகலெடுத்து ஒட்டி ஓட்டிவிடுகிறார்கள், நேரம் மிச்சம் என்று. மிச்சமாவது நேரம் இல்லை, கவனம்தான் மிச்சமாகிறது, அதைத்தான் செலவு செய்ய வந்திருக்கிறோம். கையால் அடிக்கும்போது அரைப்புள்ளி எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை, பைத்தானில் எந்த வரி உள்ளே தள்ளி நிற்கிறது, எது நிற்பதில்லை என்று ஒவ்வொன்றும் விரல் வழியாகப் போகிறது. அடிக்கும்போது பிழையும் வரும், வர வேண்டும்.

பிழை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் ஓடியதும் அதை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒரு அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள், வேரியபிளின் பெயரில் ஓரெழுத்தை மாற்றுங்கள், லிஸ்ட்டில் மூன்று உறுப்பு இருக்கும்போது நூறாவது உறுப்பைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மொழி என்ன செய்தி தருகிறது என்று படியுங்கள். நீங்களே செய்த கோளாறு என்பதால் காரணம் தெரியும், செய்தியை மட்டும் பழகிக்கொள்ளலாம். நாளைக்கு அதே செய்தி காரணம் தெரியாமல் வந்து நிற்கும்போது பழைய முகமாக இருக்கும். பைத்தான் நூறாவது உறுப்பைக் கேட்டால் வரம்பு தாண்டியது என்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் சத்தமே இல்லாமல் ‘வரையறுக்கப்படாதது’ என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு மேலே போகும். சி மொழியில் நினைவகத்தில் அந்த இடத்தில் இருக்கிற ஏதோ ஒரு குப்பை வரலாம், நிரலே விழலாம், என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ரஸ்ட் கம்பைலர் தன் பிழைகளுக்கு எண்ணே கொடுத்திருக்கிறது. உரிமை மாறிய பெயரைப் பயன்படுத்தினால் வருவது 0382ஆம் எண், அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் எடுத்துக்காட்டோடு விளக்கும். பிழைச் செய்தி சிவப்பாக வந்ததும் ஜன்னலை மூடிவிடுகிற பழக்கம் இருந்தால், அதை விடுவதுதான் முதல் வேலை. செய்தி நீளமாக இருந்தால் பைத்தானில் கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள், சி போன்ற மொழிகளில் பட்டியலின் முதல் பிழையை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள், மற்றவை பல நேரம் அதன் வால்கள்தான்.

சில நேரம் நீங்கள் செய்தது எல்லாம் சரி, புத்தகத்தில் இருப்பதும் சரி, ஆனாலும் விடை ஒத்துவராது. அப்போது முன்பக்கத்தில் புத்தகம் எந்த ஆண்டு, எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பழைய பைத்தான் புத்தகத்தில் 7 / 2 என்றால் 3 என்று அச்சிட்டிருக்கும், உங்கள் திரையில் 3.5 வரும். பைத்தான் 2இல் அது 3தான். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 அதை மாற்றியது, திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறியைக் கட்டாயமாக்கியதும் அப்போதுதான். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது, அதற்கு எழுதிய புத்தகம் கையில் இருந்தால் தொடக்கநிலையில் இருப்பவர் அதை எடுக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2015ஆம் ஆண்டுத் தரநிலை ஒரு பெரிய கோடு, சி பிளஸ் பிளஸுக்கு 2011, ஜாவாவுக்கு 2014இல் வந்த எட்டாம் பதிப்பு. அந்தக் கோடுகளுக்கு முன்னால் எழுதிய புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் இன்றும் ஓடும், ஆனால் இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. சி மொழி இதற்கு நேரெதிர், நாற்பதாண்டுப் பழைய புத்தகத்தின் அடிப்படைகள் இன்றைக்கும் செல்லும்.

பயிற்சிக் கணக்குகளைத் தாண்டிப் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன்: எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை, ஆனால் செய்கிறதைப் புத்தகத்தை மூடி வைத்துச் செய்யுங்கள். அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினால் அது மறுபடி படிப்பதுதான். மூடி வைத்து எழுதி, முட்டி நிற்கிற இடத்தில் மட்டும் திறந்து, தேவையானதைப் பார்த்து, மறுபடி மூடுங்கள். எங்கே திறக்க வேண்டி வந்தது என்று ஓரத்தில் ஒரு குறி வையுங்கள், அந்தக் குறிகள்தான் உங்களுக்கு வராத இடங்களின் பட்டியல். கடினமான கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முட்டிக்கொண்டு உட்காருவதில் எனக்கு உடன்பாடில்லை. விட்டுவிட்டு மறுநாள் எடுங்கள், அப்போதும் வரவில்லையென்றால் விடையைப் பாருங்கள், பார்த்த பின் அதை மூடிவிட்டு நீங்களாக எழுதுங்கள்.

இப்போது ஏஐ சாட்பாட்டிடம் கேட்டால் பயிற்சிக் கணக்குக்கு முழு நிரலையும் எழுதிக் கொடுத்துவிடும். வேலையில் அது உதவியாக இருக்கலாம், கற்கும்போது அது புத்தகத்தின் அச்சிட்ட விடை போலத்தான், கையால் மறைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. உங்கள் ஊகத்தையும் திரையில் வந்ததையும் கொடுத்து ‘ஏன் வேறாக இருக்கிறது’ என்று கேளுங்கள், அது நல்ல கேள்வி. வருகிற விளக்கத்தையும் நம்பிவிடாமல் ஓட்டிச் சரிபாருங்கள்.

புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டுத்தான் சொந்தமாக எழுத வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வேரியபிள், நிபந்தனை, லூப், ஃபங்ஷன், லிஸ்ட், கோப்பைப் படிப்பது எழுதுவது, இவ்வளவு வந்துவிட்டால் ஏதாவது ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு உரைக்கோப்பில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணத் தொடங்கியதும் கேள்விகள் வரிசைகட்டும்: காற்புள்ளியோடு ஒட்டியிருக்கும் சொல்லை எப்படிப் பிரிப்பது, கோப்பு அந்த இடத்தில் இல்லையென்றால் என்ன செய்வது, அதிகம் வந்த பத்துச் சொற்களை எப்படி வரிசைப்படுத்துவது, தமிழ்க் கோப்பு என்றால் எழுத்துக் குறியீடு சரியாகப் படிக்கப்படுகிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருக்கும், நீங்கள் இன்னும் போகாத அத்தியாயமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னிணைப்பில் உள்ள சொல்லடைவைப் பிடித்து நேராக அந்தப் பக்கத்துக்குப் போங்கள். புத்தகத்தில் இல்லாததற்கு மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறங்கள். முதலில் அது வறட்சியாகத் தெரியும், ஆனால் இவ்வளவு எடுத்துக்காட்டுகளை ஊகித்து ஓட்டிய கைக்கு அதில் இரண்டு வரி கிடைத்தாலே போதும், மீதியை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.